கேபிள் தொலைக்காட்சியிலிருந்து ஓடிடி சேவைகளுக்கு மாறுதல்

கேபிள் தொலைக்காட்சியிலிருந்து ஓடிடிக்கு மாறுதல் என்பது, கம்பிவடம் வழியாக வீட்டிற்கு வந்துகொண்டிருந்த அலைவரிசைகளின் மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு, திரைப்படம், தொடர், விளையாட்டு, செய்தி ஆகியவற்றை இணையத்தின் வழியாகப் பார்க்கும் வழக்கத்துக்குச் செல்வதாகும். அமெரிக்காவில் 'கம்பியை அறுத்தல்' என்று பொருள்படும் ஒரு தொடரால் இதைக் குறிப்பிடுவர். நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டின்படி, அந்நாட்டில் 2022 ஜூலை மாதத்தில் மொத்தத் தொலைக்காட்சி நேரத்தில் ஓடிடியின் பங்கு 34.8 விழுக்காடாகவும், கேபிளின் பங்கு 34.4 விழுக்காடாகவும் இருந்தன. இணையம் கேபிளை முதன்முதலாக முந்திய மாதம் அதுவே.

தமிழ்நாட்டில் இம்மாற்றம் வேறு வழியில் வந்தது. இங்கே பல வீடுகளில் கேபிள் இணைப்பைத் துண்டிக்கும் எண்ணம் தோன்றுவதற்கு முன்பே, கைப்பேசி தொலைக்காட்சிப் பெட்டியின் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. 'மாறினால் செலவு குறையும்' என்று அமெரிக்காவில் சொல்லப்படும் காரணமும் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. அதற்கான கணக்கு பின்னால் தரப்பட்டுள்ளது.

கேபிள் வந்த கதை

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஆகியவற்றுக்காகப் பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடிய காலம் அது. 1980களின் பிற்பகுதியில், ஒரு வீடியோ கேசட் கருவியை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் படம் காட்டிய சிறு முயற்சிகளே கேபிள் தொழிலின் தொடக்கம். 1991 வளைகுடாப் போரின் செய்திகளை சிஎன்என் நேரடியாகக் காட்டியதும், அதே ஆண்டில் ஸ்டார் டிவி செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பைத் தொடங்கியதும் இத்தொழிலை வேகப்படுத்தின. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. முதலில் நாளின் சில மணி நேரமே நிகழ்ச்சிகள் இருந்தன. ஆனால் கேபிள் இணைப்புக்குத் தமிழ்க் குடும்பங்கள் காசு கொடுக்க அதுவே போதுமான காரணமாயிற்று.

கம்பிகள் மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கும், மின்கம்பத்திலிருந்து தென்னை மரத்துக்கும் சென்றன. இதற்கென ஒரு சட்டம் வந்தது 1995இல்தான். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் எனப்படும் அச்சட்டத்தின் கீழ், கேபிள் நடத்துபவர் தலைமை அஞ்சலகத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கும் தபால் நிலையத்துக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்களுக்குத் தோன்றலாம். நாடெங்கும் ஒவ்வோர் ஊரையும் எட்டக்கூடிய மத்திய அரசு அலுவலகமாக அன்று அஞ்சலகமே இருந்தது.

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி ஏழை வீடுகளையும் எட்டியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2007இல் பதிவு செய்யப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் இணைப்பு வழங்கியது. பெட்டியும் இலவசம், இணைப்பும் மலிவு என்ற நிலையில், கேபிள் என்பது குடிநீர் இணைப்பைப் போல ஓர் அன்றாடத் தேவையாகிவிட்டது.

கம்பியில் படம் வருவதும் இணையத்தில் படம் வருவதும்

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். கேபிளில், தலைமை நிலையம் எனப்படும் இடத்தில் பெரிய குடை ஆண்டெனாக்கள் செயற்கைக்கோள்களிலிருந்து அலைவரிசைகளைப் பெறுகின்றன. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் அனுப்பப்படுகின்றன. பழைய முறையில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. அதனால் சுமார் நூறு அலைவரிசைகளோடு கம்பி நிரம்பிவிடும். எண்முறைக்கு மாறி, செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு இந்த நெருக்கடி தீர்ந்தது. இதில் முதன்மையானது, தெருவில் நூறு வீடுகள் பார்த்தாலும் ஒரு வீடு பார்த்தாலும் கம்பியில் ஓடும் சுமை ஒன்றுதான் என்பது. ஊர் நடுவே உள்ள ஒலிபெருக்கியைப் போன்றது கேபிள்.

ஓடிடி அப்படியன்று. ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பப்படுகிறது. எனவே அது தொலைபேசி அழைப்பைப் போன்றது. ஒரு திரைப்படம் முதலில் பல தரங்களில் குறியாக்கம் செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கப்படுகிறது. வீட்டிலுள்ள செயலி ஒவ்வொரு துண்டையும் கேட்கும்போது அப்போதைய இணைய வேகத்தைப் பார்த்து, எந்தத் தரத்தில் வேண்டும் என்று முடிவு செய்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மங்கலாகிப் பிறகு தெளிவாவதற்குக் காரணம் இதுதான். இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்டால் தாங்க வேண்டுமே என்பதற்காக, அதிகம் பார்க்கப்படும் கோப்புகளின் படிகள் பல நகரங்களில் உள்ள சேமிப்புக் கணினிகளில் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இத்தகைய கணினிகளை இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே நிறுவுகிறது.

இணையத் தரவு எவ்வளவு செலவாகும் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே அறியலாம். தெளிவான உயர்தரப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவை என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடிகள். 5 × 3,600 = 18,000 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் இந்தத் தரத்தில் 40 நிமிடங்களில் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்து நொடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் பார்த்தால் அதே 1.5 ஜிபி மூன்று மணி இருபது நிமிடங்களுக்கு வரும். கைப்பேசியின் சிறிய திரையில் அது உறுத்தாது. 40 அங்குலத் தொலைக்காட்சியில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கைப்பேசி இணைப்பை மட்டும் நம்பி வீட்டுத் தொலைக்காட்சியை ஓட்ட முடியாது என்பதும், கண்ணாடியிழை இணைப்பு தேவை என்பதும் இக்கணக்கிலிருந்து தெளிவாகும்.

செலவுக் கணக்கு

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறையை நடைமுறைப்படுத்தியது. அதுவரை கேபிள்காரர் கொடுத்த மொத்தத் தொகுப்புக்கு ஒரு தொகை கட்டி வந்த மக்கள், அப்போதுதான் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு விலை இருப்பதை அறிந்தனர். இணைப்புக்கு அடிப்படைக் கட்டணமாக அதிகபட்சம் 130 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்குத் தனித் தொகை. தொகுப்பில் இடம்பெறும் ஓர் அலைவரிசையின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. இம்முறை மக்களுக்குத் தேர்வுரிமை தரும் என்று சொல்லப்பட்டாலும், பல வீடுகளில் மாதக் கட்டணம் ஏறவே செய்தது. 70 ரூபாய்க்குப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். கேபிளை விட்டுவிடலாமா என்ற பேச்சு பல குடும்பங்களில் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 2024இல் நீக்கப்பட்டது. ஆனாலும் கணக்குக்காக அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குடும்பம் 19 ரூபாய் விலையுள்ள ஐந்து அலைவரிசைகளைத் தேர்ந்தெடுக்கிறது என்றால் 95 ரூபாய், வரியுடன் 112 ரூபாய் 10 காசு. அடிப்படைக் கட்டணத்தையும் கூட்டினால் மாதம் 265 ரூபாய் 50 காசு.

இனி மறுபக்கம். 2020 செப்டம்பர் முதல் ஜியோ நடைமுறைப்படுத்திய கண்ணாடியிழைத் திட்டங்களில் மிகக் குறைந்தது மாதம் 399 ரூபாய், வேகம் நொடிக்கு 30 மெகாபிட். வரியுடன் அது 470 ரூபாய் 82 காசு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது, தொலைக்காட்சியில் பார்க்கக்கூடிய அதன் குறைந்தபட்சத் திட்டம் 199 ரூபாய் ஆயிற்று. 149 ரூபாய்த் திட்டம் கைப்பேசிக்கும் கைக்கணினிக்கும் மட்டுமே உரியது. அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 125. ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது மூன்று மாதத்துக்கு 299 ரூபாய்த் திட்டம் இருந்தது. அது மாதம் சுமார் 100. எல்லாம் கூட்டினால் 895 ரூபாய் அளவில் வருகிறது. விலைகள் அடிக்கடி மாறுபவை என்றாலும், கேபிளைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்ற விகிதத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, செலவைக் குறைப்பதற்காக மட்டும் புதிதாக இணைய இணைப்பு வாங்கிக் கேபிளை நிறுத்துவது தமிழ்நாட்டில் பெரும்பாலும் தவறான கணக்கு. பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டில் ஏற்கெனவே கண்ணாடியிழை இணைப்பு இருந்தால் நிலைமை வேறு. அப்போது இணையச் செலவைக் கழித்துவிடலாம். பிரைம், ஜியோஹாட்ஸ்டார் இரண்டும் மட்டும் போதும் என்றால் மாதம் 225 ரூபாய்தான். கேபிளைவிட 40 ரூபாய் குறைவு. அமெரிக்காவில் கேபிள் கட்டணம் மாதத்துக்குப் பல பத்து டாலர்கள் என்பதால் அங்கு மிச்சம் பெரிதாகத் தெரிந்தது. அந்நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. அரசு வழங்கிய பெட்டி உள்ளிட்ட பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறச் செருகுதுளைகள்தாம் இருக்கும். ஓடிடிக்கான குச்சி வடிவக் கருவிகளுக்கு எச்டிஎம்ஐ துளை வேண்டும். மாற்றி ஒன்றை இடையில் வைத்துப் பார்க்கலாம் என்றாலும் எழுத்துகள் படிக்க முடியாதபடி மங்கும். எனவே மாறுவது என்பது பலருக்குப் புதுத் தொலைக்காட்சி வாங்குவதாகவும் ஆகிவிடுகிறது.

ஒரு ரிமோட்டும் பல செயலிகளும்

மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை தமிழ் வீடுகளில் ஓடுபவை நெடுந்தொடர்கள். சன் டிவி தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவி தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் தொடர்களுக்கு ஜீ5 என்று ஒவ்வொரு குழுமத்துக்கும் ஒரு செயலி உண்டு. கேபிளில் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு தொடரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய ஒருவர், இனி ஒரு செயலியை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டும். மூன்றிலும் முழுமையாகப் பார்க்க மூன்று சந்தாக்கள் வேண்டும்.

எழுபது வயதைக் கடந்தவர்களில் பலர் அலைவரிசைகளை எண்களாகவே மனப்பாடம் செய்து வைத்திருப்பர். அவர்களிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்நுழையச் சொல்வதும், திரையில் தோன்றும் எழுத்துகளை அம்புக்குறியால் நகர்த்தித் தட்டச்சு செய்யச் சொல்வதும், வந்த ஒருமுறைக் கடவுச்சொல் காலாவதியாகும் முன் பதியச் சொல்வதும் பெருந்தொல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில், செயலி ஒருநாள் தானாக வெளியேறிவிட்டால், அடுத்த விடுமுறை வரை அந்தத் தொலைக்காட்சி வெறும் கண்ணாடிதான். தனியாக வாழும் முதியவருக்குத் தொலைக்காட்சியின் குரல் ஒரு துணை. கேபிளை நிறுத்தும் முடிவை வீட்டில் இளையவர்கள் எடுக்கும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது இதுவே.

குறையை மட்டுமே சொல்வது முறையாகாது. விட்டுப்போன பகுதியை மறுநாள் பார்க்கலாம். சமையலை முடித்துவிட்டு வந்து தொடங்கலாம். பிற மொழிப் படங்களைத் தமிழ் ஒலியுடனோ தமிழ் வசனவரிகளுடனோ பார்க்க முடிகிறது. காது கேளாதோருக்கு வசனவரிகள் பெரும் உதவி. கேபிளில் வரும் தமிழ் நிகழ்ச்சிகளில் அவ்வசதி அரிது. பண்டிகை நாளில் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்ற அறிவிப்போடு வந்த படத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த நிலை போய், திரையரங்குக்கு வந்த நான்கு வாரங்களில் பல படங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்கே செல்லாமல் நேரடியாக ஓடிடியில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று' அவ்வாறே வெளியாகிப் பெருவெற்றி பெற்றது.

கிரிக்கெட்

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இம்மாற்றத்தில் ஒரு விசித்திரமான அனுபவம் உண்டு. ஓடிடி நேரலை, துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுவதால், கேபிளைவிட அரை நிமிடம் வரை பிந்தி வரக்கூடும். கடைசி ஓவரில் இங்கே பந்து வீச்சாளர் ஓடி வருவதற்குள், கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கூச்சல் எழுந்துவிடும்.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமம் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் தனித்தனியாக விற்கப்பட்டது. 2023 தொடரை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு அதற்கும் கட்டணம் இல்லை. பின்னர் இரு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. 2025 ஐபிஎல் தொடரை முழுமையாகப் பார்க்கச் சந்தாவோ, அதனோடு இணைந்த கைப்பேசி ரீசார்ஜோ தேவைப்பட்டது. இலவசத்தைக் கண்டு கேபிளை நிறுத்தியவர்களுக்கு இது எதிர்பாராத திருப்பம்.

விதிகள்

கேபிள் அலைவரிசைகளில் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வேறு கதை. ஓடிடிக்கு அத்தகைய நேர வரம்பு இல்லை. விளம்பரமற்றது என்ற பெருமையோடு வந்த சேவைகளே இப்போது விளம்பரத்துடன் ஒரு திட்டம், விளம்பரமில்லாமல் கூடுதல் விலையில் ஒரு திட்டம் என்று பிரித்துவிட்டன. தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்ற கடமையும் கேபிளுக்கே உண்டு.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி நிகழ்ச்சிகளை அனைவருக்கும், 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல், வயது வந்தோருக்கு மட்டும் என வகைப்படுத்தச் சொல்கின்றன. 13 வயது முதலான வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் இருக்க வேண்டும். அந்தப் பூட்டைப் பெற்றோர்தாம் போட வேண்டும். பல வீடுகளில் அந்த எண்ணை அமைத்துத் தருவது பிள்ளைகளே.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று எண்ணி நீக்கிவிடுபவர்கள் பார்க்காத சேவைக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பர்.

கேபிள்காரரும் உள்ளூர் அலைவரிசையும்

சிற்றூர்களில் கேபிள் நடத்துபவர் தமக்கென ஓர் உள்ளூர் அலைவரிசையும் வைத்திருப்பார். மாரியம்மன் கோயில் திருவிழா, தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, முதல் பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, புதிதாகத் திறந்த துணிக்கடை, வரி கட்டச் சொல்லும் பேரூராட்சி அறிவிப்பு எல்லாம் அதில் வரும். படத்தின் தரம் சுமார்தான். கீழே ஓடும் எழுத்துகளில் பிழைகள் மலிந்திருக்கும். ஆனால் திரையில் தெரியும் முகங்கள் தெரிந்த முகங்கள். ஊரில் யார் காலமானார் என்பதை அதைப் பார்த்து அறிந்தவர்கள் உண்டு. எந்த ஓடிடி நிறுவனமும் ஒரு பேரூராட்சிக்காக இதைச் செய்யப்போவதில்லை. இப்போது அந்த இடத்தை வாட்ஸ்அப் குழுக்களும் யூடியூப் பக்கங்களும் பகுதி அளவில் பிடித்துள்ளன.

இணைப்புப் போனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கேபிள்காரரைக் கூப்பிடலாம். மாதக் கடைசியில் 'அடுத்த வாரம் வாங்கிக்குங்க அண்ணே' என்று சொல்லலாம். செயலியிடம் தவணை சொல்ல முடியாது. கேபிளை நிறுத்துபவர்கள் செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து, முன்பணம் கட்டியிருந்தால் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டால் நிலுவை என்று கணக்கில் ஏறும்.

கேபிள் இணைப்புகளின் சரியான எண்ணிக்கை எக்காலத்திலும் தெளிவாக இருந்ததில்லை. பழைய முறையில் இணைப்புகளைக் குறைத்துக் காட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் டிடிஎச் எனப்படும் குடை ஆண்டெனா இணைப்புகளுக்கு டிராய் வெளியிடும் கணக்கு உண்டு. 2021இல் 7 கோடியை ஒட்டியிருந்த கட்டணச் சந்தாதாரர் எண்ணிக்கை, 2025இல் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. கேபிளின் போக்கும் இதிலிருந்து வேறாக இருக்க வாய்ப்பில்லை.

இத்தொழிலில் இருப்பவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்கள் பழைய கம்பிப் பாதையிலேயே கண்ணாடியிழையை இழுத்து, இணைய நிறுவனங்களின் உள்ளூர் முகவராகி, வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டனர். கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறிய பல வீடுகளுக்கு மாதந்தோறும் பணம் வாங்க வருபவர், முன்பு கேபிளுக்கு வந்த அதே ஆள்தான். கையில் இருக்கும் ரசீதுப் புத்தகம் மட்டும் மாறியிருக்கும்.